இரவுத் தூண்டிலுக்கு விளக்குத் தக்கை: மீன் கடிக்காமலே தக்கை நகர்கிறதே, ஏன்?

கன்னங்குறிச்சி வடக்கு
சனி, காலை 6.52

ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டு, ஒரு மீன்கூட இல்லாமல் வீடு வந்து, பல்கூட விளக்காமல் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமனார் தோட்டம் பேளூருக்கு அந்தப் பக்கம். அங்கே ஒரு பண்ணைக்குட்டை இருக்கிறது. மூன்று வருடம் முன்னால் ரோகு, கட்லா குஞ்சு வாங்கி விட்டார்கள். ஜிலேபியை யாரும் விடவில்லை, அது எப்படியோ வந்து குடும்பம் நடத்துகிறது. கெளுத்தியும் உண்டு. பகலில் மயில் ஈர்க்குத் தக்கையில் கையகல ஜிலேபி தாராளமாக வரும். பெரியதெல்லாம் இருட்டினால்தான் மேயும் என்று மச்சான் ஏற்றிவிட்டதில் ஆன்லைனில் விளக்குத் தக்கை வாங்கினேன். ஐந்து தக்கை, பத்து பேட்டரி, 480 ரூபாய். முனையில் சிவப்பு எல்.இ.டி. பேட்டரி ஊசி மாதிரி ஒல்லியாக இருக்கிறது, திணித்தால் எரிகிறது.

நேற்று அமாவாசை. தோட்டத்தில் பொட்டு வெளிச்சம் இல்லை. இரை மண்புழு, இன்னொரு தூண்டிலில் வேகவைத்த குச்சிக்கிழங்கு. நடந்தது இதுதான்.

பகலில் ஈயம் கட்டிச் சரிபார்த்த அதே தக்கை, ராத்திரி பேட்டரி போட்டதும் முக்கால்வாசி முங்கிக்கொண்டது. சரி, பரவாயில்லை என்று விட்டேன். அப்புறம் பார்த்தால் விளக்கு மெதுவாக வலது பக்கம் நகர்கிறது. வெட்டி இழுத்தேன், ஒன்றும் இல்லை. மறுபடி போட்டேன், மறுபடி நகர்கிறது, மறுபடி ஒன்றும் இல்லை. மச்சான் வந்து உட்கார்ந்து, "வலது பக்கம் இல்லை மாமா, இடது பக்கம் போகுது" என்றான். கொஞ்ச நேரத்தில் எனக்கும் இடது பக்கம் போவதாகத்தான் தெரிந்தது. 43 முறை இழுத்தேன் என்று கணக்கு வைத்திருக்கிறான். காற்று இல்லை, குட்டையில் நீரோட்டம் ஏது?

மூன்றாவது, ஒரு தக்கைக்குள் தண்ணீர் இறங்கி அணைந்தேவிட்டது.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். தக்கை மோசமா, நான் மோசமா?

---

கொலுசுப்பட்டறை
சனி, காலை 7.30

தம்பி, நாங்கள் சிவதாபுரத்துக்காரர்கள். எங்கப்பா காலத்திலிருந்து ராத்திரித் தூண்டிலுக்கு விளக்கும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. கொலுசில் கட்டுகிற சலங்கை ஒன்றைத் தூண்டில் நரம்பில் மாட்டிவிட்டால் போதும். கழியை மண்ணில் ஊன்றி, கழி முனைக்குக் கீழே நரம்பைக் கொஞ்சம் தொய்வாக விட்டு, அந்தத் தொய்வில் சலங்கை. மீன் இழுத்தால் நரம்பு விறைக்கும், சலங்கை மேலே ஏறிக் கிணுங்கும். வானத்தைப் பார்த்துப் படுத்துக்கொள்ளலாம். 480 ரூபாய் தண்டம்.

---

பூலாம்பட்டிக்காரன்
சனி, காலை 8.15

முதல் பிரச்சினைக்கு மட்டும் இப்போது சொல்கிறேன், கடைக்குக் கிளம்ப வேண்டும்.

பகலில் பேட்டரி இல்லாமல் ஈயம் கட்டினீர்கள் இல்லையா? அங்கேதான் தப்பு. அந்த ஊசி பேட்டரி அரை கிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கையில் வைத்தால் தெரியாது. ஆனால் இந்த மாதிரி சின்னத் தக்கை மொத்தமே இரண்டு, மூன்று கிராம்தான் தாங்கும். அதில் அரை கிராம் ஏறினால் முங்காமல் என்ன செய்யும்?

வீட்டில் வாளி நிறையத் தண்ணீர் வைத்து, பேட்டரியைப் போட்டு, விளக்கு எரிகிற நிலையில் ஈயம் கட்டுங்கள். இருந்த ஈயத்தில் ஒரு மணியைக் கழற்றினாலே போதும் என்று நினைக்கிறேன். விளக்கும் அதற்குக் கீழே ஒரு விரல் நகம் அளவும் வெளியே தெரிந்தால் சரி. அதற்கு மேல் தெரிந்தால் மீன் இழுக்கும்போது கனம் தெரிந்து இரையைத் துப்பிவிடும்.

---

கடைவீதி ராஜா
சனி, காலை 8.22

சின்னக்கடை வீதியில் கிலோ 200 ரூபாய்க்கு உயிரோடு கிடைக்கிறது. ராத்திரி தூங்கலாம்.

---

கன்னங்குறிச்சி வடக்கு
சனி, மதியம் 1.05

தூங்கி எழுந்து வாளியில் போட்டுப் பார்த்துவிட்டேன். பூலாம்பட்டியார் சொன்னது அச்சு அசல். பேட்டரி இல்லாமல் சரியாக நிற்கிறது, போட்டதும் முங்குகிறது. ஒரு ஈயத்தை எடுத்ததும் மேலே வந்துவிட்டது. வீட்டில் துணி ஊறவைக்க வாளி இல்லை என்று ஒரு சத்தம், அது தனிக் கதை.

சரி, எடை விஷயம் முடிந்தது. ஆனால் அது நகர்ந்தது? இரண்டு பேர் பார்த்தோமே!

---

சோடாபுட்டி
சனி, மாலை 5.40

இந்தக் கேள்வி என் வேலைக்குப் பக்கத்தில் வருவதால் எழுதுகிறேன். நான் கண் கண்ணாடிக் கடையில் 17 வருடமாகப் பார்வை சோதிக்கிறவன். தூண்டில் பற்றி ஒன்றும் தெரியாது.

உங்கள் தக்கை நகரவில்லை. உங்கள் கண் நகர்ந்தது.

கும்மிருட்டில் ஒரே ஒரு சின்ன வெளிச்சப் புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், பத்துப் பதினைந்து விநாடியில் அது ஊர ஆரம்பிக்கும். இதற்கு ஆட்டோகைனடிக் எஃபெக்ட் என்று பெயர். நம் கண் ஒரு பொருளையே பார்க்கும்போதும் சும்மா இருப்பதில்லை, மயிரிழை அளவுக்கு அலைந்துகொண்டே இருக்கும். பகலில் சுற்றிலும் மரம், கரை, கல் எல்லாம் தெரிவதால் அசைவது கண்தான் என்று மூளை கண்டுபிடித்துக் கழித்துவிடும். இருட்டில் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. ஆகவே கண் அசைந்ததைப் புள்ளி அசைந்ததாகக் கணக்கு எழுதிவிடும். ராத்திரியில் விமானம் ஓட்டுகிறவர்களுக்குப் பயிற்சியிலேயே இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நட்சத்திரத்தை இன்னொரு விமானம் என்று நினைத்துத் திருப்பிவிடக் கூடாதே.

மச்சான் சொன்னதும் உங்களுக்கும் இடது பக்கம் தெரிந்ததே, அதைப் படித்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 1935-இல் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியல் ஆய்வாளர் இதையேதான் செய்து பார்த்தார். இருட்டறையில் ஆட்களை உட்காரவைத்து, அசையாத ஒரு புள்ளியைக் காட்டி, எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று கேட்டார். தனித்தனியாகக் கேட்டால் ஆளுக்கொரு கணக்கு. சேர்த்து உட்காரவைத்து உரக்கச் சொல்லச் சொன்னால், போகப் போக எல்லார் கணக்கும் ஒன்றை நோக்கி வந்துவிட்டது. நீங்களும் மச்சானும் அதைப் பேளூரில் செய்து முடித்திருக்கிறீர்கள்.

நம்பிக்கை இல்லை என்றால் இன்று ராத்திரியே பாருங்கள். ஓர் அறையில் எல்லா விளக்கையும் அணைத்து, சன்னலைச் சாத்தி, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி எட்டடி தள்ளி வையுங்கள். அந்த நெருப்புப் புள்ளியை மட்டும் பாருங்கள்.

---

கன்னங்குறிச்சி வடக்கு
சனி, இரவு 10.18

ஊதுபத்தி நடந்தது. சுவரோரமாக அலமாரி வரைக்கும் போய் வந்தது. விளக்கைப் போட்டால் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மறுபடி அணைத்தால் மறுபடி நடக்கிறது.

43 முறை இழுத்தேனே ஐயா.

---

கொலுசுப்பட்டறை
சனி, இரவு 10.40

கண் பொய் சொல்லும், காது சொல்லாது. ஆக, சலங்கை. நான் காலையிலேயே சொன்னேன்.

---

பூலாம்பட்டிக்காரன்
ஞாயிறு, காலை 9.30

அண்ணே, சலங்கையைக் குறை சொல்லவில்லை. கெளுத்தி மாதிரி முரட்டுத்தனமாக இழுக்கிற மீனுக்கு அது சரி. ஜிலேபி உதட்டால் உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் துப்புவது சலங்கைக்குத் தெரியவே தெரியாது. காற்றடித்தாலும் கிணுங்கும்.

கண்ணாடிக் கடைக்காரர் சொன்ன விஷயத்துக்குப் பெயர் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. பெயர் தெரியாமலே நாங்கள் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். ஒரு புள்ளியைப் பார்க்கவே கூடாது, இரண்டு புள்ளி பார்க்க வேண்டும்.

விளக்குத் தக்கை தண்ணீரில் நிற்கும்போது அதன் நிழலும் தண்ணீரில் தெரியும். மேலே ஒரு பொட்டு, கீழே ஒரு பொட்டு, நடுவில் ஒரு சின்ன இருட்டு. அந்த நடு இருட்டைத்தான் பார்க்க வேண்டும். கண் அலைந்தால் இரண்டு பொட்டும் சேர்ந்தே நகரும், நடுவிலுள்ள இடைவெளி மாறாது. மீன் தொட்டால் இடைவெளி மாறும். காற்று இல்லாத குட்டைக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

ஒவ்வொரு மீனுக்கும் அந்த இடைவெளி ஒவ்வொரு மாதிரி ஆடும். ஜிலேபி என்றால் இரண்டு பொட்டும் நடுங்கும், கொசு மொய்க்கிற மாதிரி, நிற்கும், மறுபடி நடுங்கும். அவசரப்படக் கூடாது. ரோகு, மிர்கால் தரையிலிருந்து இரையை வாயில் எடுத்துக்கொண்டு தலையை நிமிர்த்தும். அப்போது ஈயத்தின் கனம் தக்கையை விட்டுப்போவதால் தக்கை மேலே எழும்பும். மேல் பொட்டு உயரும், கீழ்ப் பொட்டு தாழும், இடைவெளி அகலும். அப்புறம் தக்கை அப்படியே படுத்துவிடும். அகலும்போதே இழுத்துவிட வேண்டும், படுக்கிற வரை காத்திருந்தால் தாமதம். கெளுத்திக்கு இந்த நாசூக்கு எல்லாம் இல்லை. இரண்டு பொட்டும் ஒன்றாகிக் கீழே போகும். போன பிறகும் கொஞ்ச தூரம் தண்ணீருக்குள் மங்கலாகத் தெரிந்துகொண்டே போகும், பார்க்க அவ்வளவு அழகு. ஆமை என்றால் இன்னும் மெதுவாக, போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு போகும். அதை இழுக்காதீர்கள், முள்ளைக் கழற்ற விடாது.

காற்றில் அலை வந்தால் நிழல் சிதறிவிடும். அன்றைக்கு இன்னொரு விளக்கைக் கரையோரம் தண்ணீரில் ஒரு குச்சி நட்டு அதில் கட்டிவிடுங்கள். அசையாத ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் போதும்.

---

சோடாபுட்டி
ஞாயிறு, காலை 10.05

பூலாம்பட்டியார் சொன்னது வைத்தியத்தில் பாதி. மீதியை நான் சேர்க்கிறேன். ஒரே இடத்தை வெறித்துப் பார்க்காதீர்கள், சில விநாடிக்கு ஒருமுறை பார்வையை வேறு எங்காவது கொண்டுபோய்த் திருப்புங்கள்.

நெற்றி விளக்கு வைத்திருப்பீர்கள். இரை மாட்டுவதற்கு வெள்ளை வெளிச்சத்தை ஒருமுறை போட்டால், கண் மறுபடி இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும். எழுதுபொருள் கடையில் சிவப்பு ஜிலேட்டின் காகிதம் கிடைக்கும், அதை இரண்டு மடிப்பாக விளக்கில் கட்டிவிடுங்கள். இருட்டில் வேலை செய்கிற நரம்பணுக்களுக்குச் சிவப்பு அவ்வளவாகப் படாது, பழகின கண் கெடாது.

அதே காரணத்தால்தான் சிவப்புத் தக்கையைவிடப் பச்சைத் தக்கை இருட்டில் தூரம் தெரியும். பழகின கண்ணுக்குப் பச்சையும் நீலமும் கலந்த நிறம்தான் மிகப் பிரகாசம்.

இன்னொன்று. விடியற்காலையில் விளக்கு மங்கிப்போய், நேராகப் பார்த்தால் காணாமல் போகும். உடனே அணைந்துவிட்டது என்று சுருட்டாதீர்கள். அதற்குப் பக்கத்தில், ஒரு முழம் தள்ளிப் பாருங்கள், ஓரக்கண்ணில் தெரியும். இருட்டில் பார்க்கிற அணுக்கள் கண்ணின் நடுமையத்தில் கிடையாது, சுற்றிலும்தான் இருக்கின்றன.

---

மலைக்காற்று
ஞாயிறு, மாலை 4.20

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை. தோட்டத்துக் குட்டையில் முதலாளி அனுமதியோடு ராத்திரி போடுவது உண்டு. படகு விடுகிற பெரிய ஏரியில் போய் யாரும் போட்டுவிடாதீர்கள்.

நான் பேட்டரி வகை பயன்படுத்தவில்லை, ஒளிக்குச்சிதான். ஒரு விரற்கடை நீளப் பிளாஸ்டிக் குழாய், மடக்கினால் உள்ளே "டிக்" என்று ஒரு கண்ணாடிச் சிமிழ் உடையும், குலுக்கினால் பச்சையாக எரியும். தக்கை முனையில் சைக்கிள் வால் டியூபை ஒரு துண்டு வெட்டி மாட்டி, அதில் செருகிவிடுவேன். 3 மில்லிமீட்டர் குச்சி கச்சிதமாக உட்காரும். தடித்த 4.5 மில்லிமீட்டருக்கு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய் மாதிரி ஒன்று வேண்டும்.

எழுத வந்த விஷயம் வேறு. மார்கழியில் இங்கே ராத்திரி உடைத்தால் குச்சி சுள்ளென்று எரியவே எரியாது. மங்கலாக, மின்மினி செத்துக் கிடக்கிற மாதிரி. போலிச் சரக்கு என்று ஒரு பொட்டலத்தையே தூக்கி எறியப் பார்த்தேன். அப்புறம் கையில் மூடிக் கொஞ்ச நேரம் வைத்தேன், பளிச்சென்று ஆகிவிட்டது. வெளியே எடுத்தால் மறுபடி மங்குகிறது. அது இந்த 5,000 அடி உயரக் குளிரின் வேலை. ஆனால் மறுநாள் காலை டீ குடிக்கும்போதும் எரிந்துகொண்டிருந்தது. அதே பொட்டலத்தைச் சித்திரையில் மேட்டூருக்கு எடுத்துப்போனேன். உடைத்ததும் கண் கூசியது, நடுராத்திரிக்குள் பாதி போய்விட்டது.

---

இரும்பாலை ஷிப்ட்
ஞாயிறு, இரவு 11.50

நைட் ஷிப்டுக்கு நடுவில் எழுதுகிறேன்.

மலைக்காற்று, உங்கள் குச்சியில் நடப்பது வேதிவினை. கண்ணாடிச் சிமிழில் ஹைட்ரஜன் பெராக்சைடு, வெளியே ஆக்சலேட் வகைச் சேர்மமும் சாயமும். இரண்டும் சேர்ந்தால் பிறக்கிற ஆற்றல் சாயத்தில் ஏறி வெளிச்சமாக வருகிறது. சூடு கூடினால் வினை வேகமாகும், பிரகாசமாக எரிந்து சீக்கிரம் தீரும். குளிர்ந்தால் மெதுவாகும், மங்கலாக நெடுநேரம் எரியும். குச்சிக்குள் இருக்கிற மொத்த வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றுதான், சேலத்தான் மொத்தமாகச் செலவு செய்கிறான், ஏற்காட்டான் சில்லறையாகச் செலவு செய்கிறான்.

பாதி எரிந்த குச்சியை ஃப்ரிட்ஜில் ஐஸ் வைக்கிற அறையில் போட்டால் வினை கிட்டத்தட்ட நின்றுவிடும், மறுநாள் எடுத்தால் மிச்சம் எரியும். ஆனால் குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். கடித்துவிட்டால் உள்ளே உடைந்த கண்ணாடி இருக்கிறது, திரவம் வாயையும் கண்ணையும் எரிக்கும். எங்கள் வீட்டில் மீன் துண்டுக்குப் பக்கத்தில் அது பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்து வீட்டம்மா போட்ட கூச்சல் கீழ்வீடு வரை கேட்டது.

இப்போது பேட்டரிக்கு வருகிறேன். உங்கள் தக்கையில் இருப்பது அநேகமாக சி.ஆர். 425. பெயரிலேயே அளவு இருக்கிறது: 4 மில்லிமீட்டர் சொச்சம் விட்டம், 25.9 மில்லிமீட்டர் நீளம். 3 வோல்ட் லித்தியம். இதில் ஒரு வேடிக்கை, 1970-களில் ஜப்பானில் லித்தியம் பேட்டரி கடைக்கு வந்தபோது அதற்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று இந்தத் தூண்டில் தக்கை விளக்கு. செல்போனெல்லாம் அப்புறம்.

கொள்ளளவு சுமார் 25 மில்லி ஆம்பியர்-மணி. எல்.இ.டி. 1 மில்லி ஆம்பியர் இழுத்தால் 25 மணி நேரம், 5 இழுத்தால் 5 மணி நேரம். மலிவுத் தக்கைகள் பிரகாசமாகக் காட்ட வேண்டும் என்று அதிகம் இழுக்க வைக்கின்றன. வாங்கும்போது கண் கூசுகிறதை எடுக்காதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் முனையில் கறுப்பு மார்க்கரால் ஒரு வளையம் போட்டுவிடுங்கள். பேட்டரி மிச்சமாகாது, ஆனால் கூச்சம் போய்ப் பூலாம்பட்டியார் சொன்ன நிழல் பொட்டு தெரியும்.

தண்ணீர் இறங்கினதற்கு: மூடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், தலைமுடி ஒன்று சிக்கினாலும் கசியும். துடைத்து, சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு தடவுங்கள். ஆர்.ஓ. வாட்டர் ஃபில்டர் சர்வீஸுக்கு வருகிறவரிடம் சின்ன டப்பாவில் இருக்கும், கேட்டால் தருவார். இறங்கின தக்கையிலிருந்து பேட்டரியை உடனே எடுத்துவிடுங்கள், துருப்பிடித்தால் மூடியே திறக்காது.

---

புது எருமாபாளையம்
திங்கள், காலை 8.10

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். விளக்கு வைத்து மீன் பிடிக்கத் தடை இருக்கிறது என்று செய்தியில் படித்தேனே? அப்புறம் வெளிச்சத்தைப் பார்த்தால் மீன் ஓடாதா?

---

இரும்பாலை ஷிப்ட்
திங்கள், காலை 8.45

அந்தத் தடை கடலுக்கு. படகில் ஜெனரேட்டர் வைத்து, பெரிய எல்.இ.டி. விளக்குகளைப் போட்டு, மீன் கூட்டத்தையே வெளிச்சத்துக்கு இழுத்து மொத்தமாக அள்ளுவதை மத்திய அரசு 2017 நவம்பரில் தடை செய்தது. குஞ்சு குருமான் எல்லாம் சேர்ந்து போய்விடும் என்பதால். தக்கை விளக்கு மீனுக்கு இல்லை, நமக்கு. தண்ணீருக்கு மேலே ஒரு கடுகு அளவு.

ஓடுமா என்றால், முனை மட்டும் எரிகிற தக்கைக்கு ஓடி நான் பார்த்ததில்லை. உடம்பு முழுக்க எரிகிற தக்கை ஒன்று விற்கிறார்கள். முழங்கால் ஆழத் தெளிந்த தண்ணீரில் அதை நான் போட மாட்டேன். டார்ச்சைத் தண்ணீரில் அடிப்பதுதான் உண்மையில் மீனைக் கலைக்கிறது, அதையும் முக்கால்வாசிப் பேர் செய்கிறோம்.

---

பூலாம்பட்டிக்காரன்
திங்கள், காலை 9.02

இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பொடிமீன் வரும், பொடிமீனுக்குப் பின்னால் வாளையோ விராலோ வரும். மழை விட்ட ராத்திரி ஈசல் விழும்போது பச்சைத் தக்கையைச் சுற்றி மீன் துள்ளியதை நானே பார்த்திருக்கிறேன்.

---

இரும்பாலை ஷிப்ட்
திங்கள், காலை 9.20

ஈசல் கொட்டுகிற ராத்திரியில் தக்கையே இல்லாவிட்டாலும் மீன் துள்ளும் அண்ணா.

---

கொளத்தூர் வலை
திங்கள், இரவு 7.35

எல்லாரும் நல்ல விஷயம் எழுதியிருக்கிறீர்கள். ஒரு மனக்குறையையும் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மேட்டூர் அணையில் உரிமம் வாங்கி வலை போடுகிறோம். பொழுது சாய வலை விரித்து, விடியற்காலை பரிசலில் போய் எடுப்போம். சென்ற வருடம் பண்ணவாடிப் பக்கம் நான்கு பேர் காரில் வந்து, ராத்திரி முழுக்க விளக்குத் தக்கையை எங்கள் வலை மேலேயே வீசியிருக்கிறார்கள். வலைக்கு மிதவையாகக் கட்டின பிளாஸ்டிக் பாட்டில் இருட்டில் அவர்களுக்குத் தெரியவில்லை. நரம்பு சிக்கினதும் அறுத்துவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் வலையை இழுத்தால் அதில் ஏழு விளக்கு தொங்குகிறது, மூன்று இன்னும் எரிகிறது. தீபாவளி போல இருந்தது. முள்ளை எல்லாம் பிரித்து எடுக்க மத்தியானம் ஆயிற்று, என் தம்பி கையில் ஒன்று ஏறிவிட்டது.

அதனால் சொல்கிறேன். அணையில் போடுவதானால் பகலிலேயே போய், வலை எங்கே கிடக்கிறது என்று கரையில் இருக்கிற ஆட்களைக் கேளுங்கள், சொல்வார்கள். ஊர் ஏரி என்றால் மீன்பாசிக் குத்தகை யாரிடம் என்று விசாரியுங்கள். குத்தகைக்காரர் கண்ணுக்கு ராத்திரியில் ஏரியில் எரிகிற விளக்கு திருட்டு விளக்குதான்.

அணையில் முதலை உண்டு. கரையோரம் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு போடாதீர்கள், பிடித்த மீனைத் தண்ணீரில் கட்டித் தொங்கவிடாதீர்கள். அணைக்குக் கீழே காவிரியில் போடுகிறவர்கள் தண்ணீர் திறப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் 12 வழக்கமான நாள்தான், வெள்ளம் வந்தால் நாளும் கிடையாது நேரமும் கிடையாது. அணை 120 அடி நிறைந்து நிற்கும்போது உட்கார்ந்த பாறை வேறு, தண்ணீர் இறங்கி, அணைக்குள் மூழ்கிக் கிடக்கிற கோயில் நந்தியின் தலை தெரியும்போது உட்காருகிற சேறு வேறு. ராத்திரியில் அந்தச் சேற்றில் கால் வைத்தால் இடுப்பு வரை இறங்கும்.

தீர்ந்த பேட்டரியையும் குச்சியையும் தயவுசெய்து பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

---

கன்னங்குறிச்சி வடக்கு
திங்கள், இரவு 9.00

கொளத்தூர் அண்ணா, அந்த நான்கு பேர் சார்பாக நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் குட்டை சொந்தக் குட்டை, முதலைக்கு இடமில்லை. மாமனார்தான் இருக்கிறார்.

---

கொலுசுப்பட்டறை
செவ்வாய், காலை 7.15

கொளத்தூர்த் தம்பி சொன்னதை எல்லாரும் இரண்டு தடவை படியுங்கள்.

கன்னங்குறிச்சித் தம்பி, அடுத்த தடவை போகும் முன் பட்டறைக்கு வாருங்கள். கட்டிங் போன சலங்கை இரண்டு தருகிறேன். கொலுசுக்கு ஆகாது, மீனுக்கு ஆகும்.

---

கன்னங்குறிச்சி வடக்கு
26 நாள் கழித்து, ஞாயிறு, காலை 7.40

மறுபடி குட்டைக்குப் போய்விட்டு வந்துவிட்டேன். நேற்று ராத்திரி ஏழரை முதல் மூன்று மணி வரை. இன்றைக்குப் பல் விளக்கிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இரண்டு தூண்டில். ஒன்றில் பச்சை விளக்குத் தக்கை, ஈயம் வாளியில் வைத்துச் சரி செய்தது, முனையில் மார்க்கர் வளையம். இன்னொன்றில் தக்கை இல்லை, அடிமட்ட ஈயமும் சலங்கையும். நெற்றி விளக்கில் சிவப்புக் காகிதம். மச்சானுக்கு ஒரே நிபந்தனை, எந்தப் பக்கம் நகர்கிறது என்று வாயைத் திறக்கக் கூடாது.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றும் இல்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. மேலே ஒரு பொட்டு, கீழே ஒரு பொட்டு, நடுவில் இருட்டு. இரண்டும் சேர்ந்து ஊர்ந்தன, நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணி வாக்கில் கீழ்ப் பொட்டு இன்னும் கீழே போயிற்று. மேல் பொட்டு அசைந்த மாதிரியே இல்லை, இடைவெளி மட்டும் ஒரு விரல் அகலத்திலிருந்து இரண்டு விரல் ஆனது. இழுத்தேன். ரோகு, ஒன்றேகால் கிலோ. பூலாம்பட்டியாருக்கு ஒரு கும்பிடு.

அப்புறம் இரண்டு ஜிலேபி, நடுங்கும்போது அவசரப்பட்டு விட்டது நான்கைந்து. பன்னிரண்டரைக்குக் காற்று எழும்பி நிழல் சிதறிவிட்டது. குச்சி நட்டு விளக்குக் கட்ட மறந்திருந்தேன், அதனால் அதற்குப் பிறகு தக்கைத் தூண்டில் சும்மாதான் கிடந்தது. மச்சான் தூங்கிவிட்டான். ஒன்றே முக்காலுக்குச் சலங்கை கிணுங்கியது. காற்றுதான் என்று நினைத்தேன். மறுபடி கிணுங்கி, நிற்காமல் கிணுங்கி, கழியே சாய்ந்துவிட்டது. ஓடிப்போய்ப் பிடித்தேன். கரைக்கு வந்து ஒருமுறை தலையைக் காட்டியது, கெளுத்தி, என் முழங்கையை விட நீளம். 0.25 மில்லிமீட்டர் நரம்பு, கல்லில் உரசி அறுந்துவிட்டது. சலங்கையோடு போய்விட்டது.

43-இலிருந்து நேற்று 11 முறைதான் இழுத்தேன். கணக்கு மச்சானுடையது, தூங்கின நேரம் போக.

---

பூலாம்பட்டிக்காரன்
ஞாயிறு, காலை 8.05

0.25 நரம்பில் முழங்கை நீளக் கெளுத்தியா? அதற்கு 0.35 போட்டிருக்க வேண்டும். பரவாயில்லை, குட்டையில்தானே இருக்கிறது, எங்கே போய்விடும்.

---

கன்னங்குறிச்சி வடக்கு
ஞாயிறு, காலை 8.20

கொலுசு அண்ணா, ஒன்று கேட்க வேண்டும். அந்தச் சலங்கை வெள்ளி இல்லையே? மாமனார் குட்டையை வற்ற வைக்கலாமா என்று கேட்கிறார்.

---

கொலுசுப்பட்டறை
ஞாயிறு, காலை 9.10

ஜெர்மன் சில்வர் தம்பி. வெள்ளி விற்கிற விலைக்கு அதை மீன் காலில் கட்டுவேனா? இன்னொன்று இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.